எபோலா: முதல் ரத்த மாதிரியை எடுத்தவர் பெயர் ஏன் நமக்குத் தெரியல?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கசாய் மாகாணத்தில் 2025 செப்டம்பரில் தலைகாட்டிய எபோலா, டிசம்பர் 1-ம் தேதி முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 64 பேர், இறந்தவர்கள் 45 பேர். எங்கேயோ நடக்குதுன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடலாம். ஆனால், இந்த முறை மருத்துவர்கள் கையில் தடுப்பூசி இருந்தது, மருந்தும் இருந்தது. அந்த மருந்துக்குப் பின்னால் இருப்பவர், 1976-ல் கையுறைகூட இல்லாமல் எபோலா நோயாளிகளிடம் ரத்தம் எடுத்த ஒரு டாக்டர். பெயர், ஜான் ஜாக் முயெம்பே.

பெல்ஜியத்தில் வைராலஜி படித்து முனைவர் பட்டம் வாங்கியவர் முயெம்பே. 1973-ல் ஊர் திரும்பினார். அங்கே ஆய்வக வசதி போதவில்லை, அதனால் களப்பணிக்கு இறங்கினார். மூன்று வருடம் கழித்து, யாம்புக்கு என்ற கிராமத்தின் மிஷன் மருத்துவமனையில் மர்மக் காய்ச்சல். அரசு இவரை அனுப்பியது. டைஃபாய்டாக இருக்கலாம் என்பதுதான் அவருடைய முதல் கணிப்பு. ஆனால், ஊசியை எடுத்த பிறகும் நோயாளிகளுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவர் கை முழுக்க ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவினார், அவ்வளவுதான் பாதுகாப்பு! அந்தப் பரவலில் 318 பேரில் 280 பேர் இறந்தார்கள். அவர் தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்த ஒரு கன்னியாஸ்திரியைத் தலைநகர் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அவருடைய ரத்தம் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் பறந்தது. அங்கே அதைப் பரிசோதித்த குழுவில் இருந்த இளம் விஞ்ஞானி பீட்டர் பியாட். பிறகு, 'எபோலாவைக் கண்டுபிடித்தவர்' என்று உலகம் கொண்டாடியது பெரும்பாலும் பியாட்டைத்தான். ரத்தம் எடுத்தவர் கதையிலேயே இல்லை.

அந்த ரத்தத்திலேயே மருந்து

1995-ல் கிக்விட் நகரில் மறுபடியும் எபோலா. கையில் எந்த மருந்தும் இல்லை. நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி இருக்கும்தானே, அதை நோயாளிகளுக்கு ஏற்றினால் என்ன என்று யோசித்தார் முயெம்பே. 8 பேருக்கு ஏற்றினார், 7 பேர் பிழைத்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, அவர்கள் தானாகவே தேறியிருக்கலாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்த விமர்சனம் அறிவியல்படி சரியானதுதான். ஆனால், கண் முன்னால் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்க்க யாரால் முடியும்?

அவர் விடவில்லை. கிக்விட்டில் தப்பிய ஒருவரிடம் 11 ஆண்டுகள் கழித்து எடுத்த ரத்தத்தில் இன்னும் ஆன்டிபாடி இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து, அதிலிருந்து உருவானதுதான் 'எம்ஏபி114' மருந்து. 2018 நவம்பரில், கிழக்குக் காங்கோவில் மோதல்களுக்கு நடுவே 4 மருந்துகளை ஒப்பிட்டுப் பரிசோதனை தொடங்கியது. இந்த முறை ஒப்பீட்டுக் குழுவும் இருந்தது. பழைய மருந்தான ஸிமேப் எடுத்தவர்களில் சுமார் 50% பேர் இறந்தார்கள், எம்ஏபி114 எடுத்தவர்களில் 35%. உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே கொடுத்தால், இறப்பு சுமார் 10%தான். 2020 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

'மாதிரி இங்கேதான் இருக்கும்'

முயெம்பே நினைத்திருந்தால் பெல்ஜியத்திலேயே செட்டில் ஆகியிருக்கலாம். கின்ஷாசாவிலேயே இருந்து, காங்கோவின் தேசிய உயிரி மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானார். 2019 வாக்கில் அவர் எடுத்த ஒரு முடிவு முக்கியமானது. எபோலா ரத்த மாதிரிகள் இனி காங்கோவிலேயே இருக்கும், ஆராய விரும்பும் வெளிநாட்டவர்கள் இங்கே வரட்டும் என்றார். பரவல் நேரத்தில் இது தாமதத்தை உண்டாக்காதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்கு உள்ளூரிலேயே பரிசோதிக்கும் திறன் வேண்டும்.

கசாயில் 2025-ல் எடுத்த மாதிரிகள் ஆன்ட்வெர்ப்புக்குப் போகவில்லை. செப்டம்பர் 3-ம் தேதி, 'இது எபோலாதான்' என்று உறுதி செய்தது கின்ஷாசாவில் இருக்கும் அதே நிறுவனம். மறுநாளே அரசு அறிவித்துவிட்டது.