பந்துக்கு இரண்டு துள்ளல், பேருந்துக்கு எத்தனை படி?

சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை துள்ளலாம். இரண்டாவது துள்ளல் கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் சரி. மற்றபடி கோர்ட்டின் அளவும் வலையின் உயரமும் எல்லா டென்னிஸுக்கும் உள்ளவைதான். எனக்குப் பிடித்த விதி வேறொன்று. அங்கே நாற்காலி ஆட்டக்காரரின் உடலில் சேர்த்தி. எதிராளி அடித்த பந்து நாற்காலியில் பட்டால் புள்ளி போயிற்று. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அதே நாற்காலி, உட்கார்ந்திருப்பவளைக் கேட்காமலேயே ஓரமாகத் தள்ளிவிடப்படும் சாமான்.

1976இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் தொடங்கிவைத்த ஆட்டம் இது. 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கிலிருந்து பதக்கத்துக்கு உரிய போட்டி. நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் ஒற்றையர் பிரிவில் தொடர்ந்து 470 ஆட்டங்கள் வென்றிருக்கிறார். ஃபெடரரின் கோப்பைக் கணக்கை ஒப்பிக்கும் நம் வீட்டு ஆண்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றார்கள். தமிழ்நாடு கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மூவரும் நின்று ஆடும் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஆட வேண்டிய பெண் எங்கே?

வீட்டில் இருக்கிறாள். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிற மாநிலத்தவரும் தேடி வரும் ஊர் கோவை. சிகிச்சை முடிந்ததும் அவளுக்குக் கிடைப்பது, "எதுக்கு கண்ணு உனக்கு இந்தச் செரமம்?" என்ற கரிசனம். கேட்க இதமாகத்தான் இருக்கும். அவளைப் பூட்டிவைக்கும் தாழ்ப்பாளும் அதுதான்.

2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. நல்ல திட்டம். படியேற முடியாதவளுக்கு அது எந்த வகையில் இலவசம்? யாரோ தூக்கிவிட வேண்டும். யார் தூக்குவது, எங்கே தொடுவது என்பது பெண்ணுக்கு மட்டும் வரும் கேள்வி. தப்பித் தவறி மைதானம் போய்ச் சேர்ந்தாலும், நாற்காலி நுழையாத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் பயிற்சி செய்ய வேண்டும். முதுகுத்தண்டு பாதித்தவருக்கு அது சிறுநீரகத்தைப் பணயம் வைக்கும் வேலை.

அடுத்து நாற்காலி. ஆட்ட நாற்காலிக்குச் சக்கரங்கள் சாய்ந்திருக்கும். கவிழாமல் தாங்கப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். இடுப்பையும் காலையும் கட்டிக்கொள்ள வார்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் லட்சங்களில் விலை. பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர், லேத் பட்டறை தெருவுக்குத் தெரு வைத்திருக்கும் ஊர், இதைச் செய்ய முடியாதா? கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். வீட்டில் பணம் இருந்தாலும் "அந்தக் காசைப் பவுனாப் போட்டா ஆகாதா?" என்று முடிந்துவிடும். மகனுக்குப் பைக் வாங்கும்போது பவுன் ஞாபகம் வருவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக மாற்ற அது கொடுத்த ஐந்தாண்டு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

மாணவிகளே, உங்கள் கல்லூரி டென்னிஸ் கோர்ட்டுக்குப் போகும் வழியில் எத்தனை படி, அங்குள்ள கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு? அளந்து, எழுத்தில் முதல்வரிடம் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.