கணப்புக்குள் ஒரு குழாய்

ஐரோலியில் யாருக்கும் கணப்பு தேவைப்படாது. தானே கழியின் உப்புக் காற்று வீசும் இந்த நவி மும்பைப் பகுதியில், ஜனவரி மாதக் குளிர் ஒரு போர்வைக்குள் அடங்கிவிடும். ஆனால் தானே - பேலாப்பூர் சாலையில் முப்பது ஆண்டுகள் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசுவது கணப்பைப் பற்றித்தான். குன்னூரில் மாமனார் வழியாக வந்த பழைய வீடு. அதன் கூடத்தில், பலகை அடித்து மூடப்பட்ட ஒரு கணப்பு.

"டிசம்பர் லீவுக்குப் பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். பலகையைப் பிரித்து நாலு சீகைக் கட்டையைப் போட்டால் ஆயிற்று" என்பது அவர் கணக்கு.

பலகையைப் பிரிக்க வந்த உள்ளூர் மேஸ்திரி டார்ச் அடித்து மேலே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், புகை போற வழியில தண்ணி போகுது, கேஸ் போகுது, கரண்ட் போகுது. புகை போகத்தான் இடமில்ல."

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியதிலிருந்து, நீலகிரியில் எழுந்த ஐரோப்பிய பாணி வீடுகளில் கணப்பும் புகைபோக்கியும் இடம்பிடித்தன. தமிழனுக்குத் தீக்காய்வது அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய பழக்கம். வாய் அகன்ற தடவில் நெருப்பு மூட்டி மக்கள் குளிர் காய்வதை நெடுநல்வாடையே காட்டுகிறது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது நெருப்பை அல்ல, புகையை வெளியே அனுப்பும் சுவரை.

பின்னால் விறகு அருகியது, கேஸ் வந்தது, மின்சார ஹீட்டர் வந்தது. கணப்புகள் அடைபட்டன. கூடத்திலிருந்து கூரை வரை வெறுமனே நிற்கும் ஒரு பொந்தைப் பார்த்தால் எந்தப் பிளம்பருக்கும் கை பரபரக்கும். சுவரை உடைக்காமல் குழாயை மேலே கொண்டுபோக இதைவிட நல்ல வழி உண்டா? நெருப்பு இல்லாத வரை அதில் தவறும் இல்லை. மறுபடியும் நெருப்பு மூட்ட நினைக்கும்போதுதான் சிக்கல்.

அந்தப் பொந்தில் இருந்தவை மூன்று. முதலாவது தண்ணீர்க் குழாய்கள். தொட்டிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று, எப்போதோ கைவிடப்பட்ட இரும்புக் குழாய் ஒன்று. பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். விறகு எரியும் கணப்பின் புகை 200 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். குழாய் உருகித் தண்ணீர் கொட்டினால் அது சிறிய நஷ்டம். பெரிய அபாயம், கைவிடப்பட்ட அந்த இரும்புக் குழாயில் இருக்கிறது. இரு முனையும் அடைபட்ட குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால், அது நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். போக வழியில்லாவிட்டால் வெடிக்கும். பிரிட்டனில் பழைய கணப்புகளின் பின்னால் வெந்நீருக்காக வைத்த கொதிகலன்கள், இணைப்பைத் துண்டித்து அப்படியே விடப்பட்டிருந்தன. அவை வெடிக்கக்கூடும் என்று அந்நாட்டின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கைவிட்ட குழாய் என்றால் கழற்றி எடுத்த குழாய் என்று பொருள். அடைத்து மறந்த குழாய் அல்ல.

இரண்டாவது, சமையலறைக்குப் போகும் கேஸ் குழாய். இதில் சமரசத்துக்கே இடமில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். கணப்பு இருப்பதும் தரை மட்டத்தில்தான். ஐரோலி ஃபிளாட்டின் அடுக்களைக்கு மஞ்சள் குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். அந்தப் பழக்கத்தில் குன்னூர் சிலிண்டரை எடைபோடக் கூடாது. கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக்கை வரவழைத்து, சிலிண்டரைக் கழற்றிய பிறகு, குழாயை வேறு சுவர் வழியே மாற்ற வேண்டும். மாற்றிய பின் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். சிலிண்டரும் கணப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, மின்சார வயர். வீட்டு வயர்களின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். உறை உருகிய வயர் சுவருக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பொறியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. "குழாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிவிட்டால்?" மேஸ்திரி தலையை ஆட்டினார். அவர் ஆட்டியது சரி. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலைக் கெடுப்பது என்பதால் மட்டுமல்ல. புகைபோக்கியின் உட்சுவரில் கீல் போலக் கரி படியும். ஒருநாள் அது தீப்பிடித்தால் உள்ளே வெப்பம் 1,000 டிகிரியைக்கூடத் தொடும். எந்தச் சுற்றலும் அதற்கு நிற்காது. புகை போகும் வழியில் புகை மட்டுமே போக வேண்டும். இதுதான் விதி.

குழாய்களை எடுத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. முதலில் பொந்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பறவைக் கூடுகளும் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையும் கூடை கூடையாக வரும். குழாய் போன துளைகளைச் சூடு தாங்கும் காரையால் அடைக்க வேண்டும். அடுத்தது புகைச் சோதனை. கீழே புகை மூட்டி, மேலே வாயை அடைத்து, பக்கத்து அறையிலோ மச்சிலோ புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் விறகு நெருப்புக்கு ஏற்ற எவர்சில்வர் உள்குழாயோ சுட்டமண் குழாயோ இறக்க வேண்டும். கேஸ் ஹீட்டருக்கு விற்கும் மெல்லிய குழாய் இதற்கு உதவாது. புகைபோக்கியின் வாய் கூரை முகட்டுக்கு மேலே 60 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலைக்காற்று புகையைத் திருப்பி அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், காற்று. பழைய வீட்டில் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் காற்று வந்தது. குளிருக்குப் பயந்து இப்போது கண்ணாடியும் ரப்பரும் வைத்து அடைத்தாகிவிட்டது. உள்ளே வரக் காற்றில்லாத அறையிலிருந்து புகை வெளியே போகாது. மூட முடியாத ஒரு காற்றுத் துவாரம் அவசியம்.

இதில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பின் கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் இறந்தார்கள். நால்வர் குழந்தைகள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆர்வமாக அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், பிறகு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 2010 முதல், விறகு அல்லது கரி எரிக்கும் சாதனம் புதிதாகப் பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். நம் ஊரிலும் அந்தக் கருவி கடையில் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள்தான் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், மும்பை இப்போது எதிர்த்திசையில் போகிறது. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சமையல் புகை முதலான வீட்டுப் புகையால் உலகில் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஊரே விறகை விட்டு ஓடும்போது ஒரு மனிதர் அதைத் தேடிப் போகிறார். போகட்டும். மலைக் குளிரில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும் சுகம் எந்த ஹீட்டரிலும் கிடையாது. ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு.

விலையைக் கேட்டுப் பொறியாளர் முதலில் முகம் சுளித்தார். குழாய் மாற்ற, உள்குழாய் இறக்க, ஓராண்டு காயவைத்த விறகு வாங்க என்று பட்டியல் நீண்டது. ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார்: "இந்த ஒரு டிசம்பர் மட்டும் கொஞ்சமாக எரித்துக்கொள்கிறோமே, மேஸ்திரி?"

"பிள்ளைங்க எந்த ரூம்ல படுப்பாங்க சார்?"

"இந்தக் கூடத்தில்தான்."

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கழற்றிய பலகையை எடுத்து மறுபடியும் பொந்தின் முன்னால் சாய்த்து வைத்தார்.

இந்த டிசம்பரில் பேரப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் கம்பளியும்தான். அடுத்த டிசம்பருக்குச் சீகைக் கட்டைகள் கொட்டகையில் காயத் தொடங்கிவிட்டன. ஐரோலி ஃபிளாட்டின் அலமாரியில், பெட்டி பிரிக்காமல், ஒரு சின்ன வெள்ளை அலாரம் காத்திருக்கிறது.