பிள்ளை யாருடையது?

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் நடுவே டோரஸ் ஜலசந்தி இருக்கிறது. அங்குள்ள தீவுகளின் ஆதிக்குடிகளிடம் நெடுங்கால வழக்கம் ஒன்றுண்டு. ஒரு குடும்பத்தார் தம் குழந்தையை உறவினருக்கோ, நம்பிக்கையான வேறொருவருக்கோ மனமொப்பிக் கொடுத்துவிடுவார்கள். அன்று முதல் வளர்ப்பவர்களே அதற்குத் தாயும் தகப்பனும்.

வெள்ளையர் சட்டம் இதை வெகுகாலம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் பெற்றவர் பெயர். வீட்டில் வளர்த்தவர் பெயர். பாஸ்போர்ட்டுக்குப் போனாலும் சொத்துக்குப் போனாலும் தொல்லை. தாயாய் இருந்தவள் சட்டத்தின் முன் யாரோ ஒருத்தி!

அந்த நாட்டிலேதான், சுமார் 1910 முதல் 1970 வரை, ஆதிக்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குடும்பத்திலிருந்து பலாத்காரமாய்ப் பிரிக்கப்பட்டதாக 1997-ல் வந்த விசாரணை அறிக்கை கூறிற்று. 2008-ல் பிரதம மந்திரி கெவின் ரட் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். பறிப்பதற்குச் சட்டம் உண்டு, அன்போடு கொடுப்பதற்குச் சட்டம் இல்லை என்றால், இதற்குப் பெயர் நாகரிகமா?

குவீன்ஸ்லாந்து சட்டசபை 2020-ல்தான் இதற்கென ஒரு சட்டம் செய்தது. "மெரிபா ஒமாஸ்கர் காஸிவ் காஸிபா" என்று தீவு மக்களின் மொழிகளிலேயே அதற்குப் பெயர்; நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்காக என்பது பொருள். பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் சம்மதித்து, குழந்தையின் நன்மையைக் கமிஷனர் பரிசீலித்து உத்தரவிட்டால், வளர்ப்பவர்களே சட்டப்படியும் பெற்றோர் ஆகிறார்கள்.

பழைய வழக்கம் என்பதற்காக நாம் இதைப் பாராட்டவில்லை. பழமையே யோக்கியதை என்றால் தீண்டாமையையும் அல்லவா பாராட்ட வேண்டும்? சம்மதமும் குழந்தையின் நன்மையும் முன்னால் நிற்கின்றன, அதற்காகவே பாராட்டுகிறோம்.

தீவுக்காரர் சங்கதி நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நம் சாஸ்திரத்தில் சுவீகாரம் எதற்காக? "புத்" என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுவதற்கு. செத்தபின் பிண்டம் போடுவதற்கு. ஆகவே ஆண்பிள்ளைதான் வேண்டும். அதுவும் சொந்த ஜாதியாய் இருக்க வேண்டும். பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை இந்துக்கள் எல்லோருக்கும் கிடைக்க 1956-ம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் ஜாதித் தடை இல்லை. நம் மனத்தில் இல்லையா? அநாதைக் குழந்தையைக் கண்டதும் "என்ன ஜாதியோ?" என்று கேட்கும் வாய்கள் இன்னும் மூடவில்லையே!

செத்தவனுக்குச் சோறு போட ஆள் தேடுவது சுவீகாரமல்ல. உயிரோடிருக்கும் குழந்தைக்குச் சோறும் படிப்பும் கொடுத்து, "இது என் வீடு" என்று அது தலைநிமிர்ந்து சொல்லும்படி செய்வதே சுவீகாரம். பிள்ளையில்லாத தோழர்களே, ஜாதகத்தையும் ஜாதியையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு குழந்தைக்கு வீட்டுக் கதவைத் திறவுங்கள். பெண் குழந்தையானால் இரட்டிப்பு மகிழ்ச்சியோடு திறவுங்கள்!