கணக்கில் வேண்டும் சத்தியம்

மாதச் சம்பளம் பெறும் குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் ஊதியம் கைக்கு வருமுன்பே வரி பிடித்தம் செய்யப்பட்டுவிடுகிறது. வியாபாரிகளும், வைத்தியம், வக்கீல் தொழில் முதலியன புரிவோருமோ தங்கள் வருமானம் இவ்வளவு என்று தாங்களே கணக்கிட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்கள். அவற்றுள் மிகச் சிறு பகுதியே விரிவான ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதால், சர்க்கார் பெரும்பாலும் அவர்களுடைய வாக்கை நம்பியே நடக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பங்கம் விளைவிப்பது சுலபமாயிருப்பதனாலேயே, அதைச் செய்யாதிருப்பது பிரஜா தர்மமாகிறது.

வரிப் பளு தாங்காமல்தான் மறைத்தோம் என்று வாதிப்பதில் ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் உச்ச வருமானத்தின்மீது, சர்சார்ஜையும் சேர்த்து, நூறு ரூபாய்க்கு 97.75 ரூபாய் கேட்கப்பட்டது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வாஞ்சூவின் தலைமையில் அமைந்த கமிட்டியும் இத்தகைய விகிதமே வரி ஏய்ப்புக்கு முக்கியக் காரணமென்று 1971-ல் கூறியது. 1997 முதல் அடிப்படை உச்ச விகிதம் 30 சதவீதமாகவே நிற்கிறது. காரணம் அகன்ற பின்னும் காரியம் தொடருமானால், அதற்குப் பேராசை என்பதன்றி வேறென்ன பெயர்?

பத்திரத்தில் ஒரு விலையும் ரொக்கத்தில் மற்றொரு விலையுமாக மனையை விற்பவர் மிச்சம் பிடித்த வரியை ஈடுசெய்ய, சர்க்கார் கடனையும் பண்டங்களின்மீதான வரியையும் நாடவேண்டியிருக்கிறது. அப்பண்ட வரியோ, வருமான வரி வரம்புக்கு வெகு கீழே ஜீவிக்கும் கூலித் தொழிலாளி வாங்கும் சோப்பிலும் செருப்பிலும், செல்வந்தர் கொடுக்கும் அதே வீதத்தில் வசூலாகிறது. ஆகவே வருமானத்தை மறைப்பவர் சர்க்காரை வஞ்சிப்பதாக எண்ணிக்கொண்டு ஏழையை வஞ்சிக்கிறார்.

1997-ல் வட்டியும் அபராதமும் இன்றி, மறைத்த வருமானத்தைத் தாமாக அறிவிக்க இடமளித்தபோது, சுமார் 33,000 கோடி ரூபாய் வெளிப்பட்டது; ஆயினும், உரிய காலத்தில் ஒழுங்காகச் செலுத்தியவர் ஏமாளியோ என்ற கேள்வியை அத்திட்டம் எழுப்பிவிட்டது. இன்றைய சட்டம் அதைவிட நியாயமானது: விட்டுப்போன வருமானத்தை நான்கு ஆண்டுகள் வரை சேர்த்துக் காட்டலாம்; ஆனால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில், தாமதத்துக்கேற்ப, 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டவேண்டும்.

நம் வரிப்பணம் வீணாகிறதே என்று மனம் நொந்து பேசுவோர் பலர். அந்த விசனம் நியாயமானதே. ஆனால் சர்க்காரின் கணக்கைத் தட்டிக்கேட்கும் தார்மிக பலம், தன் கணக்கை ஒளிக்காதவருக்கே வாய்க்கும். ஆகையால் இவ்வருஷம் ஆடிட்டரிடம் அமரும்போது, எதைக் குறைக்கலாம் என்று கேளாமல், எது விட்டுப்போயிற்று என்று கேளுங்கள்.