ஃபார்ம் அனுப்பினால் ஊர் பேசிவிடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓர் ஆசை வரும். நாலு பேருக்கு உதவுகிற மாதிரி எதையாவது செய்து பார்க்க வேண்டும். எனக்கும் வந்தது. நகராட்சியிடம் எதை முதலில் கேட்பது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தபோது, "மக்களையே கேட்டுவிடலாம்" என்று கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயார் செய்தேன். செலவில்லை; அரை மணி நேர வேலைதான். லிங்க் வாட்ஸ்அப்பில் போனது.

ஆறு தெருக்கள், 180 வீடுகள். இரண்டு நாளில் 52 பதில்கள். "குடிநீர் ஒழுங்காக வருகிறதா?" என்ற கேள்விக்கு 45 பேர் 'ஆம்' என்றிருந்தார்கள். ஃபார்ம் தானாகவே வட்டப்படம் போட்டுக் காட்டியது. அழகாக இருந்தது! கலரில் பிரிண்ட் எடுத்து, "தெருவிளக்குதான் அவசரத் தேவை" என்று மனு கொடுத்துவிட்டோம்.

மறுவாரம் கடைசித் தெரு அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "என்ன சார், நம்ம நகர்ல தண்ணிப் பிரச்னையே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களாமே? எங்களை யாரு கேட்டா?" பதில் போட்டவர்களில் பெரும்பாலோர் போர்வெல் உள்ள வீட்டுக்காரர்கள். குடத்தோடு குழாயடியில் நிற்பவர்களுக்கு லிங்க் போகவே இல்லை. தப்பு கூகுளுடையது அல்ல, என்னுடையது.

இதைச் சரியாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னாள் இயக்குநர் சாமுவேல் பாலும் அவரது குழுவினரும் 1993ல் பெங்களூரில் ஒரு சர்வே எடுத்தார்கள். அப்போது சாதாரண வீடுகளில் இன்டர்நெட் ஏது? வீடு வீடாகப் போனார்கள். நடுத்தரக் குடும்பங்களைக் கேட்டதோடு நிற்காமல், குடிசைப் பகுதி மக்களைத் தனியாகக் கேட்டார்கள். "திருப்தியா?" என்பதோடு எத்தனை முறை அலைந்தீர்கள், லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்ததா என்றும் விசாரித்தார்கள். தண்ணீர், மின்சாரம், டெலிபோன் என்று அலுவலகம் அலுவலகமாக மதிப்பெண் போட்டு, பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி 1994ல் வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது.

பத்தில் ஒருவர்கூட திருப்தி என்று சொல்லவில்லை. பெரும்பாலான அலுவலகங்கள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. மிக மோசமான மார்க் வாங்கிய பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் மட்டும், "எங்கே தப்பு, உதவுங்கள்" என்று சாமுவேல் பாலை அழைத்தார். 1999லும் 2003லும் மீண்டும் சர்வே எடுத்தார்கள். மூன்றாம் முறை ஏறக்குறைய பாதிப் பேர் திருப்தி என்றார்கள். சர்வே மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் மாநில அரசும் 1999ல் நகரச் சேவைகளுக்கென்று ஒரு தனிக் குழு அமைத்தது. ஆனால் அதே கேள்வியோடு திரும்பத் திரும்ப வந்து நின்றதால்தான் அதிகாரிகளால் அதைத் தள்ளிவிட முடியவில்லை என்பது என் எண்ணம்.

இன்று அரசாங்கமே இன்டர்நெட்டில் மக்கள் கருத்தைக் கேட்கிறது. 2016ல் தொடங்கிய ஸ்வச் சர்வேக்ஷனில் நம் பதிலுக்கும் மார்க் உண்டு. பதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். யார் பதியவில்லை என்பதையும் பாருங்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு 180 வீட்டுக் கதவையும் தட்டினோம். 'ஆம், இல்லை' கேள்வியைத் தூக்கிவிட்டு, "எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நிமிடம், எத்தனை குடம்?" என்று கேட்டோம். பதில்களை எக்ஸெலில் ஏற்றி, தெரு பெயருக்குத் தனி காலம் கொடுத்தேன். இதை மறக்காதீர்கள். மொத்தச் சராசரி பார்த்தபோது 40 நிமிடம் தண்ணீர் வந்தது. டேட்டா மெனுவில் ஃபில்டர் போட்டுக் கடைசித் தெருவை மட்டும் எடுத்ததும் அது 12 நிமிடம் ஆகிவிட்டது.

அந்த 12 நிமிடத்தைக் காட்டியதும்தான் நகராட்சி இன்ஜினீயர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "வால்வு திறக்கிற நேரத்தையும் குறிச்சீங்களா?" என்றார். குறிக்கவில்லை. ஷீட்டில் அதற்கொரு காலம் சேர்த்துவிட்டேன். வரும் ஞாயிறு மறுபடியும் நோட்டோடு கிளம்புகிறோம். அந்தக் கடைசித் தெரு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.