எழுத்து குறைந்தால் ஒலி குறையுமா?

இந்தியில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றே ஒன்று. ஆகவே தமிழ் ஒலிவளம் குறைந்த மொழி. தில்லியில் இந்தி பேசுவோர் சொல்லிவந்த இதை, இப்போது அங்குள்ள தமிழ்ப் பெற்றோரே வழிமொழிகிறார்கள். வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

“தமிழில் அந்த ஒலிகளே இல்லை.” கல், பக்கம், பங்கு, பகல் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டிலும் ககரம் வல்லோசை. ‘பங்கு’வில் வருவது காந்தியின் பெயரில் உள்ள முதல் ஒலி. ‘பகல்’ பலர் வாயில் ஹகரத்தையே தொட்டுவிடுகிறது. பச்சை, பஞ்சு, பசி என்று சகரமும் இப்படியே மாறுகிறது. ஒலிகள் இருக்கின்றன, தனி எழுத்துதான் இல்லை.

“அது எழுத்தின் குறைதானே?” இல்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்துக்குப் பின் மென்மை, உயிர்களுக்கு நடுவே நெகிழ்வு என்று, நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இந்த விதியை விளக்கிவிட்டார். பொருளை மாற்றும் ஒலி ஒலியன். இடத்துக்கேற்ப அது கொள்ளும் வடிவம் மாற்றொலி. எழுத்து ஒலியனைக் காட்டினால் போதும்.

இந்தியின் தேவை வேறு. நாம் ‘கான்’ என்று எழுதுவதை அங்கே வல்லோசையில் சொன்னால் காது, மூச்சு சேர்த்துச் சொன்னால் சுரங்கம், மெல்லோசையில் சொன்னால் பாட்டு. தனித்தனி எழுத்து இல்லாவிட்டால் பொருள் குழம்பும். நமக்கோ வலி, வளி, வழி வேறு வேறு; எரியும் ஏரியும் வேறு. இந்திக்கு ழகரமோ எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடோ தேவைப்படவில்லை. அதன் எழுத்திலும் அவை இல்லை. அதை யாரும் குறை என்று சொல்வதில்லையே!

“இந்தியில் எழுதியபடியே பேசுகிறார்கள்.” தில்லிக்காரர் ஊரை ‘ஷெஹர்’ என்பார், அக்காவை ‘பெஹன்’ என்பார். எழுத்தில் இரண்டுக்கும் முதலில் இருப்பது அகரம்தான். அருகில் ஹகரம் வந்தால் அது எகரச் சாயல் கொள்கிறது. ‘ராம’ என்று எழுதி ‘ராம்’ என்று படிக்கிறார்கள். விதி தெரிந்த வாய்க்கு எழுத்து எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் ‘பகல்’ செய்வதும் இதையேதான்.

“எழுத்து அதிகமிருந்தால் ஒலியும் அதிகம்.” 1947 பிரிவினைக்குப் பின் பஞ்சாபி அகதிகள் குடியேறிய லாஜ்பத் நகரில் இதற்குப் பதில் கிடைக்கும். பஞ்சாபியில் குதிரையைக் குறிக்கும் சொல் நான்காம் ககரத்தில் தொடங்குகிறது. வாயில் வருவதோ முதல் ககரம். கூடவே குரல் தாழ்கிறது. சாட்டைக்கும் குதிரைக்கும் வேறுபாடு அந்தச் சுருதியில்தான். அந்த எழுத்து அங்கே குரலின் ஏற்ற இறக்கத்துக்குக் குறியாகிவிட்டது.

“பிறமொழிச் சொற்களை எழுத முடியவில்லை.” இதில் உண்மை உண்டு. செய்த பாவமும் நடனத்தின் பாவமும் எழுத்தில் ஒன்றே. கடன் சொற்களிடம் இடவிதி செல்லாது. ஆனால் அந்தச் சிக்கல் எல்லா மொழிக்கும் உண்டு. உருதுவழி வந்த ஒலிகளுக்காக இந்தி எழுத்துக்கடியில் புள்ளி வைத்தது; நாம் ஜ, ஸ, ஷ, ஹ சேர்த்துக்கொண்டோம். தேவை வரும்போது மொழி வழி செய்துகொள்ளும்.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் இந்தியோடு தமிழும் படிக்கும் பிள்ளை, ‘பகல்’ என்பதில் எந்தக் ககரம் என்று கேட்டால் “நம் எழுத்து அப்படித்தான்” என்று மழுப்ப வேண்டாம். இடவிதியைச் சொல்லிக்கொடுங்கள், ‘ஷெஹர்’ ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டு மொழியையும் அந்தப் பிள்ளை தாழ்வு உயர்வு பாராமல் படிக்கும்.