கேட்டலும் உரைத்தலும்

நாள்தோறும் நடந்து பழகிய பாதையில் செல்லுதல் எளிது. அப்பாதையில் கால்கள் தாமே செல்லும். கருத்துக்கு வேலை இல்லை. அது ஒருநாள் அடைபட்டு வேறு வழியே செல்ல நேர்ந்தால் மனம் சலிப்புறுகின்றது. கல்வியிலும் இதுவே நிகழ்கின்றது. பயிற்றும் முறை மாறும்பொழுது மாணவர் உள்ளம் கலங்குவது இயல்பு. அம்மாற்றம் கேடோ நன்மையோ என்பது ஆராயத்தக்கது.

தாராசுரத்தை அடுத்த ஊர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் தந்தை பட்டு நெசவாளர். மாணவனோ ஆங்கிலப் பாடத்தில் முதல்வன். அவன் வகுப்பில் நெடுநாளாக ஓர் ஒழுங்கு நிலவியது. ஆசிரியர் பாடத்தை உரக்கப் படிப்பார்; வரிதோறும் தமிழில் பொருள் கூறுவார்; வினாக்களையும் விடைகளையும் கரும்பலகையில் எழுதுவார். மாணவர் அவற்றைப் படியெடுத்து, வீட்டில் உருப்போட்டு, மறுநாள் ஒப்புவிப்பர். இம்மாணவன் ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்புவிப்பான். தேர்விலும் அவ்வாறே எழுதி மிகுந்த மதிப்பெண் பெறுவான்.

ஆண்டின் இடையில் வேறோர் ஆசிரியர் வந்தார்; ஒழுங்கும் மாறியது. விடைகள் கரும்பலகையில் தோன்றவில்லை. மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, பாடத்தின் ஒரு பகுதியைத் தாமே படித்து, ஒருவர்க்கு ஒருவர் விளக்குதல் வேண்டும். பின்னர்த் தம் சொந்தச் சொற்களால் விடை எழுதுதல் வேண்டும். பேசும்பொழுது பிழை நேர்ந்தால் ஆசிரியர் இடைமறிப்பதில்லை. குறித்து வைத்துக்கொண்டு இறுதியில் திருத்துவார்.

முதல்வனாய் விளங்கியவன் நாவெழாது நின்றான். கடைசி வரிசை மாணவன் ஒருவனோ, கோயிலருகில் தன் தந்தை நடத்தும் இளநீர்க் கடையில் வெளிநாட்டாரோடு பேசிப் பழகியவன். அவன் பிழை மலிந்த ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசினான். முதல்வனின் உள்ளம் புழுங்கியது. ‘பொதுத்தேர்வில் எழுதுவதற்கன்றோ மதிப்பெண்? இப்புதுமுறையால் என் மதிப்பெண் குறைந்தால் யார் பொறுப்பு?’ என்று எண்ணினான். இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குதல் ஆகாது. தறியை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மதிப்பெண்ணே மேற்படிப்பின் வாயில்.

ஒருநாள் அவ்விருவரும் இணையாக அமர நேர்ந்தது. அன்றைய பாடம் செயப்பாட்டுவினை. முதல்வன் பத்து வாக்கியங்களை நொடியில் மாற்றிக் காட்டினான். மற்றவன், “சோழன் கோயிலைக் கட்டினான் என்றாலே பொருள் விளங்குகிறதே. சோழனால் கோயில் கட்டப்பட்டது என்று ஏன் மாற்றவேண்டும்?” என்று வினவினான். முதல்வனிடம் விடை இல்லை. மாற்றும் வகையை அறிந்திருந்தானேயன்றி, மாற்றுவதன் பயனை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்றிரவு அவன் சிந்தித்தான். தாராசுரம் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழனால் எடுக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனைக் காண வருவோர் கேட்பது கோயிலைப் பற்றி. ஆதலின் விடையும் கோயிலிலிருந்து தொடங்குகின்றது. செய்தவர் யாரென்று தெரியாவிடத்தும், அவரைக் கூற வேண்டாவிடத்தும் இவ்வமைப்பே பொருந்துகின்றது. மறுநாள் இதனைத் தன் தோழனுக்கு எடுத்துரைத்தான். “அப்படியானால் கடைக்கு வருவோரிடம் நான் சொல்லவேண்டியது இதுதான்” என்று தோழன் மகிழ்ந்தான். பிறனுக்கு உரைக்கும்பொழுதுதான் தனக்கும் அப்பாடம் விளங்கிற்று என்பதை முதல்வன் உணர்ந்தான்.

இவ்வுண்மை புதியதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் பாடங்கேட்கும் முறையை வகுத்துள்ளார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அவர் கருத்து. ஆங்கில வகுப்பில் புதுமையாகத் தோன்றியது தமிழ் நூலில் பழைமையாகவே இருந்தது. கேட்டு ஒப்புவிப்பதோடு நின்ற மாணவன் காற்பங்கை முழுமை என்று மயங்கியிருந்தான்.

ஆங்கிலம் பயிற்றும் முறைகளும் ஒரே நிலையில் நின்றவை அல்ல. முன்னாளில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் தலைமை பெற்றன. 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில், வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் முறை வந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர் தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு முறையை ஆய்ந்தார். நிலப்படத்தில் வழி காணுதல், கால அட்டவணையைப் பார்த்து விடை கூறுதல் போன்ற பணிகளை மாணவர்க்கு அளித்தார். பொருளில் கருத்தைச் செலுத்திப் பணியை முடிக்கும்போதே மொழி படியும் என்பது அவர் கொள்கை.

இவற்றால் மனப்பாடம் வேண்டா என்பது கருத்தன்று. சொற்களை நினைவில் நிறுத்தாதவன் எதனைக் கொண்டு பேசுவான்? இளநீர்க் கடை மாணவனுக்குப் பேச்சு இருந்தது. திருத்தமும் சொல்வளமும் இல்லை. முதல்வனிடம் அவை இருந்தன. அவற்றை ஆளும் துணிவு இல்லை. பாவு மட்டும் இருந்தால் ஆடை ஆகாது, ஊடையும் ஓடவேண்டும். நெசவாளரின் மகனுக்கு இதனை வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

அரையாண்டுத் தேர்வில் அவனுடைய மதிப்பெண் சற்றே குறைந்தது. ஆயினும் பாடநூலில் காணாத பொருள் பற்றிய கட்டுரையை, எவருடைய விடையையும் நாடாமல், முதன்முறையாகத் தானே எழுதியிருந்தான். குறைந்த மதிப்பெண்ணை முயற்சியால் மீட்கலாம். தன் சொல்லால் எழுதும் ஆற்றலையோ, காலங்கடந்து தேடுவது அரிது. ஆதலின், வகுப்பின் முறை மாறும்பொழுது மாணவர், ‘இஃது எளிதா?’ என்று கேட்பதைவிட, ‘இதனால் எனக்கு விளங்குகின்றதா? பிறர்க்கு விளக்க முடிகின்றதா?’ என்று கேட்பதே தக்கது.